எல்லைப்புற ஊரில் பல் டாக்டர் தொழில்: லாரன்ஸ் நகரத்து லூசி ஹாப்ஸ் டெய்லர்

அமெரிக்காவின் மேற்கே புதிதாக முளைத்த ஊர்களில் 1860, 70-களில் பல் டாக்டர்கள் எப்படித் தொழில் நடத்தினார்கள், சினிமாவில் காட்டுவதுபோல விஸ்கியைக் கொடுத்துப் பல்லைப் பிடுங்கியது மட்டும்தானா, அந்தத் தொழிலில் பெண்கள் இருந்தார்களா என்பது கேள்வி.

பிடுங்கினார்கள், அதுவும் நிறையவே. ஆனால் அதை மட்டும் நம்பியவர் ஊர் ஊராகச் சுற்ற வேண்டியிருந்தது. ஓட்டலில் ஒரு அறை எடுத்து, உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் போட்டு, வலிக்கிற பல்லையெல்லாம் எடுத்து முடித்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். ஒரே ஊரில் பலகை மாட்டி உட்கார்ந்தவர்களுக்குச் சோறு போட்டது வேறு இரண்டு வேலைகள்: தங்கத்தால் சொத்தைப் பல்லை அடைப்பது, ரப்பர் தட்டில் பல்செட்டு கட்டுவது. இரண்டுமே ஊர் நிலைத்தால்தான் நடக்கும். அடைத்த பல் ஐந்து வருஷம் கழித்தும் நிற்கிறது என்பதுதான் அந்த டாக்டருக்கு விளம்பரம். அதற்கு அவரும் அங்கே இருக்க வேண்டும், அடைத்துக்கொண்டவரும் இருக்க வேண்டும்.

துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்போன டாக் ஹாலிடே 1872-ல் பென்சில்வேனியா பல் மருத்துவக் கல்லூரியில் முறையாகப் பட்டம் வாங்கியவர். காசநோயும் சீட்டாட்டமும் அவரைத் தொழிலிலிருந்து இழுத்துக்கொண்டன. சினிமா அவரைப் பிடித்துக்கொண்டது. தொழில் உண்மையில் எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள லூசி ஹாப்ஸ் டெய்லரைப் பார்ப்பது நல்லது.

லூசி 1833-ல் நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் பிறந்தவர். மிச்சிகனில் பத்து வருஷம் பள்ளிக்கூட டீச்சர். மருத்துவம் படிக்க 1859-ல் ஓஹையோ மாநிலம் சின்சினாட்டிக்குப் போனார். பெண் என்று கல்லூரியில் சேர்க்கவில்லை. அங்கிருந்த பேராசிரியர் ஒருவர் தனியாகப் பாடம் சொல்லிக்கொடுத்து, பல் மருத்துவம் உனக்கு ஒத்துவரும் என்று திருப்பிவிட்டார். ஓஹையோ பல் மருத்துவக் கல்லூரியின் ஜோனதன் டாஃப்ட் கொஞ்ச நாள் தன் அறையில் வேலை பழக விட்டார். பிறகு சாமுவேல் வார்டில் என்பவரிடம் முழுப் பயிற்சி. 1861-ல் அந்தக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ள மறுத்தபோது, பட்டம் இல்லாமலேயே சின்சினாட்டியில் பலகை மாட்டினார்.

இது சட்டவிரோதம் இல்லை. அன்றைக்குப் பெரும்பாலான பல் டாக்டர்கள் பட்டம் இல்லாமல் இன்னொருவரிடம் கைப்பழக்கமாகக் கற்றவர்கள்தான். நியூயார்க், ஓஹையோ, கென்டக்கி மாநிலங்கள் பல் மருத்துவத்துக்குச் சட்டம் போட்டதே 1868-ல். கனெக்டிகட்டில் எமிலின் ராபர்ட்ஸ் ஜோன்ஸ் 1855 முதல் பல் வைத்தியம் பார்த்துவந்தார்; அவரும் பட்டம் இல்லாதவர். ஆகவே பெண்கள் நுழையவே முடியாத தொழில் என்று சொல்ல முடியாது. கல்லூரியும் சங்கமும்தான் கதவைச் சாத்தி வைத்திருந்தன.

உள்நாட்டுப் போர் வந்ததும் லூசி மேற்கே அயோவாவுக்குப் போனார். முதலில் பெல்வியூ, 1862-ல் மெக்ரெகர். மெக்ரெகர் அப்போது மிசிசிப்பி ஆற்றங்கரையில் கோதுமை வண்டிகள் வந்து குவியும் துறைமுக ஊர். கையில் காசு புழங்கும், ஆனால் நல்ல பல் டாக்டர் கிடைக்கமாட்டார். மூன்று வருஷத்தில் அவருடைய கைவேலை மற்ற டாக்டர்கள் காதுக்கும் எட்டியது. 1865 ஜூலையில் அயோவா மாநில பல் மருத்துவச் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. சங்கத்துக்காரர்கள் பின்னால் நின்றதும் ஓஹையோ கல்லூரி இறங்கிவந்தது. நவம்பரில் கடைசி வருஷத்தில் சேர்ந்தார், 1866 பிப்ரவரி 21-ல் பட்டம் வாங்கினார். செய்த தொழிலைப் படிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொண்டதால் ஒரே பருவம் போதுமானதாக இருந்தது. அமெரிக்காவில் பல் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்.

அதே 1866-ல் அயோவா சங்கத்தில் அவர் ஒரு கட்டுரை படித்தார். பெண்ணுரிமை பற்றியதல்ல, பல் அடைக்கும்போது சுத்தியலை எப்படிப் பயன்படுத்துவது என்பது பற்றி. இதை அடிக்கோடிட்டுச் சொல்லக் காரணம், அந்தக் காலத்துப் பல் டாக்டரின் தரத்தை உரைத்துப் பார்த்தது இந்தச் சுத்தியல் வேலைதான்.

1855-ல் ராபர்ட் ஆர்தர் என்ற பல் டாக்டர் ஒன்றைக் காட்டினார்: சுத்தமான தங்க ரேக்கை, அதாவது தாள்போல மெல்லிய தங்கத்தை, சூடாக்கினால், உருக்காமலேயே ஒன்றோடு ஒன்று ஒட்டும். அதுவரை ரேக்கைச் சுருட்டிக் குழிக்குள் ஆப்பு மாதிரி திணித்துக்கொண்டிருந்தார்கள். குழியின் சுவர் நன்றாக இருந்தால்தான் நிற்கும். ஒட்டுகிற தங்கம் வந்தபின் உடைந்துபோன பல்லின் மூலையைக்கூட எழுப்பிக் கட்ட முடிந்தது.

நாலு அங்குலச் சதுர இதழ் ஒன்றின் எடைதான் ரேக்கின் நம்பர். நாலாம் நம்பர் என்றால் 4 கிரெய்ன், அதாவது கால் கிராமுக்குச் சற்று மேல். அதைச் சின்னத் துண்டுகளாக நறுக்கியோ உருண்டையாக உருட்டியோ, ஒவ்வொன்றையும் ஸ்பிரிட் விளக்கில் ஒரு நொடி காட்டி எடுக்க வேண்டும். சூடு குறைந்தால் மேற்பரப்பில் படிந்த வாயு போகாது, ஒட்டாது. கூடினால் ரேக்கு விறைத்து, குழியின் ஓரத்தோடு இழையாது. பல்லுக்குள் முதலில் சொத்தையைக் கையுளியால் சுரண்டி, ஓரத்து எனாமலைச் சீவி, அடியில் இரண்டு மூன்று சின்னப் பள்ளம் போடுவார்கள். முதல் துண்டை அந்தப் பள்ளத்தில் பூட்டினால்தான் மற்றவை அதன்மேல் நிற்கும். பிறகு நுனியில் வரிவரியாகக் கீறல் வெட்டிய கம்பியை டாக்டர் துண்டின்மேல் பிடிக்க, உதவியாளர் சின்னச் சுத்தியலால் தட்டுவார். டாக்டர் கம்பியை ஒரு மயிரிழை நகர்த்துவார், அடுத்த தட்டு. முந்தைய அடியும் அடுத்த அடியும் பாதி மேலே ஏறி விழ வேண்டும். இடைவெளி விட்டால் உள்ளே பொள்ளலாகிவிடும். ஒரு பெரிய கடைவாய்ப்பல்லுக்கு இப்படி ஆயிரக்கணக்கான தட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் நாற்காலியில். இந்தச் சுத்தியல் முறையே 1860-களின் தொடக்கத்தில்தான் பரவியது. அதற்குமுன் முழுக்க மணிக்கட்டு அழுத்தம்தான். சுத்தியல் வந்ததும் உடல் பலத்துக்கு மதிப்புக் குறைந்து, நிதானத்துக்கு மதிப்புக் கூடியது. ஒரு பெண் டாக்டர் இந்தத் தலைப்பை எடுத்துப் பேசியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

எங்கே கெடும் என்றால், முதல் எதிரி எச்சில். இரண்டு துண்டுக்கு நடுவில் ஒரு பொட்டு ஈரம் பட்டால் போதும், அந்த இடத்தில் பிறகு அடுக்காக உரிந்து வரும். துணியையும் உறிஞ்சுகாகிதத்தையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் வாயைக் காய வைப்பது நடக்கிற காரியமா? 1864-ல் சான்ஃபோர்ட் பார்னம் ஒரு மெல்லிய ரப்பர் தாளில் ஓட்டை போட்டுப் பல்லின் கழுத்தில் மாட்டிக் காட்டினார். ரப்பர் டேம் என்று இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இரண்டாவது, ஓரம். தங்கம் பல்லோடு சேரும் விளிம்பில் இடுக்கு இருந்தால் அங்கே மறுபடி சொத்தை விழும். ஓரத்து எனாமலில் நேரடியாகத் தட்டினால் சிதறும். மூன்றாவது, சூடு. தங்கம் சூட்டைச் சட்டென்று கடத்தும், ஆகவே ஆழமான குழியில் அடியில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால் பிசின் மாதிரி ஏதாவது போடாமல் நேராகத் தங்கம் வைத்தால், சூடான காப்பி குடிக்கும்போதெல்லாம் நரம்பு துடிக்கும், கடைசியில் செத்துப்போகும்.

குழி தோண்டுவதும் 1871 வரை கைவேலைதான். அந்த வருஷம் ஜேம்ஸ் மாரிசன் காலால் மிதிக்கும் துளைக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். தையல் மெஷின் மாதிரி மிதித்தால் நிமிஷத்துக்கு 2,000 சுற்று வரை போகும். தண்ணீர் பீய்ச்சும் வசதி கிடையாது, ஆகவே விட்டு விட்டுத்தான் துளைக்க வேண்டும். தொடர்ந்து அழுத்தினால் பல் சுட்டு, நோயாளி நாற்காலியைவிட்டு எழுந்துவிடுவார்.

மலிவான மாற்று இருந்தது: வெள்ளியும் பாதரசமும் கலந்த அமால்கம். வெள்ளி நாணயத்தை அரத்தால் ராவிப் பாதரசத்தில் குழைத்தவர்கள்கூட உண்டு. அது கெட்டியாகும்போது உப்பிப் பல்லைப் பிளக்கும், அல்லது சுருங்கி இடுக்கு விடும். 1840-களில் அமால்கம் பயன்படுத்தமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிய சங்கமே 1856-ல் கலைந்துபோனது. பாதரச விஷம் பற்றிய வாதம் ஒரு பக்கம் இருக்க, அன்றைய கலவையே மட்டமானது என்பதுதான் நியாயமான குற்றச்சாட்டு. ஜி.வி. பிளாக் என்ற பல் டாக்டர் 1890-களில் விகிதத்தைச் சரிசெய்த பிறகுதான் அது நம்பகமானது.

லூசி பட்டம் வாங்கியபின் சிகாகோவில் தொழில் நடத்தினார். 1867-ல் ஜேம்ஸ் மிர்ட்டில் டெய்லரைக் கல்யாணம் செய்துகொண்டார். போரில் இருந்தவர், ரயில்வே பட்டறையில் பெயின்டர். லூசியே கணவருக்குப் பல் வைத்தியம் கற்றுக்கொடுத்தார். அந்த வருஷக் கடைசியில் இருவரும் கான்சாஸ் மாநிலம் லாரன்ஸுக்குக் குடிபோனார்கள்.

லாரன்ஸ் 1854-ல் அடிமைமுறைக்கு எதிரானவர்கள் வந்து நிறுவிய ஊர். 1863 ஆகஸ்ட் 21-ல், உள்நாட்டுப் போரில் அடிமைமுறைத் தரப்புக்காகச் சண்டையிட்ட குவான்ட்ரில் கும்பல் புகுந்து 150 பேருக்கு மேல் கொன்று, கடைத்தெருவைக் கொளுத்தியது. அடுத்த வருஷக் கடைசியில் ரயில் வந்தது. 1866-ல் கான்சாஸ் பல்கலைக்கழகம் திறந்தது. 1860-ல் 1,645 பேர் இருந்த ஊரில் 1870-ல் 8,320 பேர். எரிந்த தெருவைக் கட்டி முடித்து, பள்ளி, கல்லூரி, சம்பளக்காரர்கள் என்று குடும்பங்கள் வந்து நிலைக்கிற நேரம். தங்கத்தில் பல் அடைக்கிற டாக்டருக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் வேண்டாம். லூசியிடம் அதிகம் வந்தவர்கள் பெண்களும் குழந்தைகளும். வெர்மான்ட் தெரு 809-ஆம் எண்ணில் 1871-ல் எழுந்த கட்டடம் அவர்களுக்கு வீடு, அதுவே ஆஸ்பத்திரி. சுத்தியல் முறைக்கு வேண்டிய இரண்டாவது கை, கணவன் மனைவி இருவரும் டாக்டராக இருந்த இடத்தில் சம்பளம் இல்லாமலே கிடைத்திருக்கும்.

அவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு ஊர் அப்புறம் வளரவில்லை. 1869-ல் மிசௌரி ஆற்றின்மேல் முதல் ரயில் பாலம் கான்சாஸ் சிட்டிக்குப் போய், வியாபாரமும் அங்கே போயிற்று. 1873-ல் நிதி நெருக்கடி, 1874-ல் வெட்டுக்கிளி. 1880-ல் லாரன்ஸின் மக்கள்தொகை 8,510 மட்டுமே. ஆனாலும் ஏற்கெனவே நிலைத்த குடும்பங்கள் இருந்தன. பல் டாக்டருக்கு அது போதும்.

பல்செட்டு விஷயத்துக்கு வருவோம். முன்பு தங்கத்தகட்டைத் தட்டி வளைத்து அதில் பல் பொருத்துவார்கள், பணக்காரர் சமாச்சாரம். வல்கனைட் என்ற கடினரப்பர் வந்ததும் சாதாரண விவசாயிக் குடும்பத்துக்கும் எட்டியது. முறை இது: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குழைத்தால் சீக்கிரம் இறுகும், அதைத் தட்டில் எடுத்து மேலண்ணத்தில் அழுத்தி அச்சு எடுக்க வேண்டும். அதிலிருந்து வாயின் மாதிரி. மாதிரிமேல் மெழுகுத் தட்டு, அதில் பீங்கான் பற்களை வரிசையாக நிறுத்தி, நோயாளி வாயில் வைத்துக் கடிக்கச் சொல்லிச் சரிபார்ப்பு. பிறகு எல்லாவற்றையும் இரண்டு பாதியாகத் திறக்கும் உலோகப் பெட்டிக்குள் பிளாஸ்டரில் புதைத்து, மெழுகை வெந்நீரில் வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் மென்ரப்பரை அடைப்பார்கள். ரப்பரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கந்தகம், ஈறு நிறத்துக்குப் பாதரசச் சிவப்புப் பொடி. பெட்டியைத் திருகி மூடி, கொதிகலனில் 320 டிகிரி பாரன்ஹீட்டில், அதாவது 160 டிகிரி செல்சியஸில், ஒரு மணி நேரம் வேக வைக்க வேண்டும்.

அந்தச் சூட்டில் நீராவி அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 75 பவுண்டு. நம் வீட்டுக் குக்கரைப்போல ஐந்து மடங்கு. வெப்பமானியைக் கவனிக்காமல் விட்டாலோ, தேய்ந்த கொதிகலனை மேலும் ஓட்டினாலோ வெடிக்கும். வெடிக்காத நாளிலும் தவறு பல விதம். சூட்டை அவசரமாக ஏற்றினால் தடிப்பான இடத்துக்குள் வாயு பொங்கிப் பஞ்சுபோல ஓட்டை விழும். நேரம் குறைந்தால் தட்டு வளையும், கூடினால் கறுத்து நொறுங்கும். ஆறுமுன் பெட்டியைத் திறந்தால் கோணிக்கொள்ளும், பிறகு எத்தனை அரம் போட்டாலும் அண்ணத்தில் உட்காராது.

இதைவிடப் பெரிய தொல்லை காப்புரிமை. ஜான் கம்மிங்ஸ் 1864-ல் வல்கனைட் பல்தட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அது குட்இயர் டென்டல் வல்கனைட் கம்பெனி கைக்குப் போனது. ஒவ்வொரு டாக்டரும் வருஷாவருஷம் லைசென்ஸ் கட்டணம் கட்டி, செய்யும் ஒவ்வொரு செட்டுக்கும் தனியாக ராயல்டியும் தர வேண்டும். கட்டாதவர்மேல் வழக்கு. கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன் நாடு முழுக்கச் சுற்றி டாக்டர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தார். 1879 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோ ஓட்டல் அறையில், அவரிடம் வழக்கில் மாட்டிய சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் டாக்டர் அவரைச் சுட்டுக் கொன்றார். 1881-ல் காப்புரிமை காலாவதியான பிறகுதான் தொல்லை தீர்ந்தது. இடையில் செல்லுலாய்ட் தட்டை முயன்றார்கள். கற்பூர வாடை, போகப்போகக் கோணல். கட்டணம் கட்டுவது மேல் என்று பலர் திரும்பிவந்தார்கள்.

இனி வலி. விஸ்கி கதை முழுப் பொய் இல்லை. ஆனால் மயக்க மருந்தாக 1846-லிருந்து ஈதர் இருந்தது, 1847-லிருந்து குளோரோஃபார்ம். ஈதர் தீப்பற்றும், ஸ்பிரிட் விளக்கு எரியும் அறையில் ஆபத்து. குளோரோஃபார்ம் அளவு தவறினால் இதயத்தை நிறுத்தும். 1863-ல் கார்ட்னர் கோல்ட்டன் மறுபடி பிரபலமாக்கிய சிரிப்பு வாயு, நைட்ரஸ் ஆக்ஸைடு, பல் எடுக்க வசதியானது. லிக்விடாக உருளையில் அடைத்து வருவதற்குமுன் டாக்டரே தயாரிக்க வேண்டும். அம்மோனியம் நைட்ரேட்டைக் கண்ணாடிக் குடுவையில் 240 டிகிரி செல்சியஸ் சுற்றி மெதுவாகச் சூடாக்கினால் வாயு வரும். ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 130 லிட்டர். இரும்புச் சல்பேட் கரைசல், காரக் கரைசல், தண்ணீர் என்று வரிசையாகக் குடுவைகளில் குமிழவிட்டுக் கழுவ வேண்டும். சூடு மீறினால் நச்சான நைட்ரிக் ஆக்ஸைடு கலக்கும். அதைச் சுவாசித்தவருக்கு நுரையீரல் புண்ணாகும். இன்னும் மீறினால் குடுவையே வெடிக்கும்.

பிராணவாயு கலக்காமல் வெறும் நைட்ரஸையே கொடுத்தார்கள். ஒரு நிமிஷத்துக்குள் முகம் நீலம்பாரித்து நினைவு போகும். முகமூடியை எடுத்தபின் வேலைக்குக் கிடைப்பது அரை நிமிஷத்துக்குச் சற்று மேல். அதனால் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். பற்களுக்கு நடுவே கார்க் கட்டை, தொண்டைக்குள் போகாமல் இருக்க அதில் நூல் கட்டி வெளியே விடுவது. எந்தக் குறடு எந்தப் பல்லுக்கு என்று வரிசையாக அடுக்குவது. கீழ்ப்பற்களை முதலில் எடுப்பது. மேலே முதலில் எடுத்தால் இரத்தம் கீழே இறங்கி இடத்தை மறைக்கும்.

அடைப்பு வேலைக்கு இந்த அரை நிமிஷம் உதவாது. நரம்பு வரை போன சொத்தைக்கு ஆர்சனிக்கைத்தான் நம்பினார்கள். குண்டூசித் தலையைவிடச் சின்ன அளவை மார்ஃபினோடு குழைத்து, குழியில் வைத்து மூடி, ஒரு நாள் விட்டால் நரம்பு செத்துவிடும். மூடி கசிந்தால் ஈறும் அடியிலுள்ள எலும்பும் சேர்ந்து அழுகும். கருவிகளைக் கொதிக்கவைக்கும் பழக்கமும் கிடையாது. ஒரு வாயில் போட்ட கம்பியைத் துணியில் துடைத்து அடுத்த வாயில் போட்டார்கள். அந்தக் காலத்து வேலை நேர்த்தியைப் புகழ்கிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஊசி போட்டு மரக்கவைப்பது 1884-ல் கோகெய்னோடு தொடங்கியது. 1886-ல் லூசியின் கணவர் ஜேம்ஸ் இறந்தார். அதன்பின் லூசி தொழிலைப் பெரும்பாலும் குறைத்துக்கொண்டு ஊர்ப் பொதுவேலைகளில் இறங்கினார். 1910 அக்டோபர் 3-ல் லாரன்ஸிலேயே காலமானார்; அங்குள்ள ஓக் ஹில் கல்லறையில் அடக்கம். அமெரிக்கப் பெண் பல் மருத்துவர் சங்கம் அவர் பெயரில் ஒரு விருது கொடுத்துவருகிறது. வெர்மான்ட் தெருக் கட்டடமும் அமெரிக்க அரசின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் இருக்கிறது.